அழித்தல் பதிவேடு

காலை ஒன்பது பத்துக்கு இறக்காமத்தில் இறங்கினேன்.
குளத்துக் காற்றில் படபடத்தது சரிபார்ப்புப் பட்டியல்.
பதினேழு பக்கம், கேள்விக்கு இரண்டு கட்டம்:
இணக்கம். இணக்கமின்மை.
மூன்றாவது ஒன்று ஏன் இல்லை என்று
பயிற்சியின் முதல் நாளே கேட்டேன்.
சிரித்தார்கள்.

நெற் களஞ்சியத்தின் பின்னறைதான் ஆவண அறை.
கறள் பிடித்த தராசு, சாக்கு மணம், ஆறு அலுமாரி.
கூட்டுறவுச் சங்கத்தின் ஆவணப் பொறுப்பாளர்
ஆதம்பாவா ஜெசீலா.
பக்கம் புரட்ட, விரலில் ஒரு ரப்பர் தொப்பி.

"எதையும் கேளுங்க மிஸ்,
எலியைப் பத்தி மட்டும் கேக்காதீங்க."

எலியைப் பற்றித்தான் முதலில் கேட்டேன்.
பிரிவு எட்டு: பூச்சி, ஈரம், தீ.

பிறகு மாதிரிச் சோதனை.
எண்பத்தேழு சிறுபோகம், விதைநெற் கடன்,
இலக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றேன்.
ஏணியில் ஏறி இறங்க அவளுக்கு
மூன்றே முக்கால் நிமிடம்.
நாலு புசல், மீராலெவ்வை, பெருவிரல் அடையாளம்.
மடிப்பில் ஒரு உமி.
உமிக்கு இலக்கம் இல்லை; நான் குறிக்கவில்லை.
போன மாதம் கொழும்பில், குளிரூட்டிய காரியாலயமொன்றில்
இதே சோதனைக்கு இரண்டு நாளும்
ஒரு மன்னிப்புக் கடிதமும் ஆனது.

அடுத்தது அழித்தல் பதிவேடு.
எந்தக் கோவை, எந்த நாள், எந்த முறை, யார் ஒப்புதல்.
தரநிலை இந்த இடத்தில் இரக்கமற்றது:
இருப்பதைவிட
இல்லாமற் போனதற்குத்தான் சாட்சி கூட வேண்டும்.

பற்றுச்சீட்டு, பன்னிரண்டு கட்டு. முறை: கறையான்.
பங்குதாரர் விண்ணப்பம், தை 2011. முறை: வெள்ளம்.
உரமானியக் கோவை மூன்று, 2016. முறை: மிதித்தல்.
ஒப்புதல்: யானை.

"யானையா?"

"நெல்லுக்கு வந்த மிஸ். சுவரை உடைச்சி
தும்பிக்கையை விட்டுத் துழாவினா
மூட்டைக்குக் கீழ மானியக் கோவை.
தலைவர் ஒப்பம் வைக்க மாட்டேன் எண்டுட்டாரு.
நான் பொய் எழுதலாமா?"

கால்தடத்தின் அகலம் சென்ரிமீற்றரில் இருந்தது.
சாட்சிகள்: காவலாளி தம்பிலெவ்வை,
லொறிச் சாரதி குணசேகர.
இணக்கம், என்று குறித்தேன்,
உதட்டைக் கடித்துக்கொண்டு.

தாளைத் திருப்பினேன்.
உறுப்பினர் இடாப்பு, 1990,
ஆனி முதல் மார்கழி வரை.
முறை: வெற்று. ஒப்புதல்: வெற்று.
அழிப்பானால் தேய்த்துத் தேய்த்து
அந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்து
மறுபக்கத்து யானை தெரிந்தது.

ஜெசீலா ரப்பர் தொப்பியைக் கழற்றி
மேசையில் வைத்தாள்.

"ஆரு எண்டு தெரியும். எப்பிடி எண்டும் தெரியும்.
வாப்பாட பேரும் அந்த இடாப்பிலதான் இரிந்த.
ஏழு தரம் எழுதிப் பார்த்தன்.
கட்டம் காணாது மிஸ்."

வெளியே யாரோ மூட்டை எண்ணினார்கள்,
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
பன்னிரண்டு மைல் தள்ளி எங்கள் ஊர்.
எங்கள் பாடசாலை வரவு இடாப்பிலும்
அதே ஆனி, அதே மார்கழி.
அவள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.
என் பெயரைப் படலையில் வாசித்தபோதே
அவளுக்குத் தெரிந்திருக்கும்.

விதிப்படி இது பெரிய இணக்கமின்மை.
ஒன்று போதும், சான்றிதழ் நின்றுவிடும்.
எழுதினேன்:
"குறை பதிவாளருடையது அன்று, படிவத்தினது.
கட்டத்தின் அகலம் இரண்டு அங்குலம்.
நடந்ததற்குப் போதாது.
திருத்த நடவடிக்கை: பெரிய தாள்.
காலக்கெடு:"

வழக்கமாய்த் தொண்ணூறு நாள்.
தொண்ணூறு என்று எழுதக் கை வரவில்லை.
மூன்று மாதம், என்று எழுதினேன்.

அவள் பிளேன்டீ கொண்டுவந்தாள்.
ஆறாவது அலுமாரிக்குப் பின்னால்
ஏதோ கொறிக்கும் சத்தம்.
இருவரும் கேட்காதவர்கள் போலக்
குடித்துக்கொண்டிருந்தோம்.